பகை நரம்பும் பல்குரலிசையும்

மேனாட்டு மெல்லிசை தமிழ்ச் செவிக்கு ஒவ்வாது என்பார் நம்மிடையே உளர். தமிழிசையினும் அதுவே இனிது என்பாரும் உளர். இரு திறத்தாரும் ஆராயாது கூறுகின்றனர். ஓர் இசைத்தட்டினை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வாம்.

1970ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே றிச்சர்ட், கரன் என்னும் அண்ணனும் தங்கையும் ‘காப்பென்டர்ஸ்’ என்ற பெயரில் ‘குளோஸ் டு யூ’ என்னும் இசைத்தட்டினை வெளியிட்டனர். கேட்போர்க்குப் பெருங்குழுவொன்று பாடுவது போலத் தோன்றும். உண்மையில் அடுக்கடுக்காய் எழும் அக்குரல்கள் அவ்விருவருடையனவே. ஒருமுறை பாடிப் பதிந்ததன்மேல் மீண்டும் மீண்டும் பாடிப் பதிந்து அவற்றைப் பெருக்கினர். கரனின் குரல் தாழ்ந்த ஸ்தாயியில் அமைதியாக இழைவது. அவர் 1983இல், தமது 32ஆம் வயதில், மறைந்தார். குரல் இன்றும் கேட்கப்படுகின்றது.

இவ்விசையின் நுட்பம் யாது? ஒரு குரல் ஒரு சுரத்தில் நிற்க, மற்றொன்று அதற்கு மூன்றாஞ் சுரத்திலும், பிறிதொன்று ஐந்தாஞ் சுரத்திலும் ஒருங்கே ஒலித்தலாம். நமது பண்ணோ ஒற்றை இழையாய் நீண்டு செல்வது. கோயிலிலே பலர் கூடித் தேவாரம் ஓதினும் அனைவரும் ஒரே சுரத்தையே ஓதுவர்.

எனினும், சுரங்கள் தம்முள் கொள்ளும் உறவினைத் தமிழர் அறியாதாரல்லர். இணை, கிளை, பகை, நட்பு என நால்வகை உறவினைச் சிலப்பதிகார வேனிற்காதை சுட்டும். நாலாம் நரம்பு நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பண்டைய இசையிலக்கணத்தை விரித்து ஆராய்ந்துள்ளார்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. மேனாட்டார் மாளிகை எழுப்பியது நாம் பகையென்ற மூன்றாம் நரம்பின்மீதே! ஆகவே பல்குரலிசை தமிழுக்குப் பகையென முடித்துவிடலாமோ? ஆகாது. ஐரோப்பியரும் பண்டு மூன்றாஞ் சுரத்தை இன்னா ஒலியென்றே ஒதுக்கினர். ஐந்தாஞ் சுர முறையாற் பெறும் மூன்றாஞ் சுரம் சற்றே உயர்ந்து உறுத்தும். அதனை மயிரிழையளவு தாழ்த்தியபோது இனிமை பிறந்தது. பகை நட்பாதற்குச் சில நூற்றாண்டுகள் சென்றன.

ஆய்ச்சியர் குரவையிலே மாதரி ஏழு கன்னியர்க்கு ஏழிசையின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். அவர்கள் பல்குரலிற் பாடினர் என்று கூற யான் துணியேன். ஆயினும், இசையைக் கைகோத்து நிற்கும் உறவாகக் கண்ட உள்ளம் அங்கே விளங்குகின்றது.

நம் காலத்திலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. சென்னையில் எம். பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதியார் பாடல்களைப் பல்குரலிற் பாடுவித்தார். ஈழத்திலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பொப்பிசையை வளர்த்தனர். நமது பேச்சுமொழி அதனுள் துள்ளியது. முகஞ்சுழித்த புலவர்கள், தொல்காப்பியர் ‘பண்ணத்தி’ என்னும் எளிய இசைப்பாட்டுக்கும் செய்யுளியலில் இடமளித்ததை நினைந்திருக்கலாம். எனினும் அப்பொப்பிசை பெரிதும் ஒருவர் பாடப் பிறர் பின்பாடும் நிலையிலேயே நின்றது.

இனி முயல்வோர்க்கு ஒன்று கூறுவேன். பல குரல்கள் ஒருங்கே நிற்றற்பொருட்டு எழுத்துக்களை நீட்டுதல் இவ்விசையின் இயல்பு. தமிழிலே குறில் நீண்டால் பொருளே மாறிவிடும். ‘படு’ என்பது ‘பாடு’ ஆகும். ‘கல்’ என்பது ‘கால்’ ஆகும். அண்ணன் தங்கையர்போற் குரல்கள் இணையட்டும், சொல் சிதையாதிருக்கட்டும். நெடிலிலே குரல்கள் கூடி நின்று, குறிலிலே விரைந்து கடக்குமாறு மெட்டமைக்க வல்லான் ஒருவன் தோன்றின், மூன்றாம் நரம்பு தமிழுக்கும் நட்பாகும். அதுவரை அதனைப் பகையென்று தள்ளுவது இலக்கணப் பற்றன்று, முயலாமையே.