உருவச் சிற்றோவியங்களும் அவற்றின் எழுத்துக் குறிப்புகளும்

'மினியேச்சர்' என்பதைச் 'சிற்றோவியம்' எனத் தமிழாக்குவது வழக்கம். அச்சொல்லின் வேர் அளவைக் குறித்ததன்று. ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் தலைப்பெழுத்துகளைத் தீட்டப் பயன்பட்ட சிவப்பு ஈயத்திற்கு இலத்தீனில் 'மினியம்' என்று பெயர். சிறுமை குறிக்கும் 'மினிமுஸ்' முதலிய சொற்களோடு ஒலியொப்புமை இருந்தமையால் அளவுப்பொருள் பின்னர் ஏறியது. ஏறி நிலைத்தும் விட்டது. எனவே 'சிற்றோவியம்' பிழையன்று. மொழிபெயர்ப்பாளர்க்கு உண்மையான இடர்ப்பாடு ஓவியத்தின் மேலும் அதன் பின்புறத்தும் காணப்படும் ஓரிரு சொற்களில்தான் உள்ளது. தலைமுறைதோறும் குடும்பத்திற்குள் கைமாறி வந்த இவ்வோவியங்களில் உருவத்துக்குரியவர் இன்னார் என அறியப் பெரும்பாலும் அச்சொற்களே துணை. ('அமர்ந்தவர்' என்னும் சொல்லுக்குச் சொல்லான ஆக்கம் தமிழில் பொருள் தாராது.)

நிக்கலஸ் ஹில்லியர்டு முதலிய 16ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் பொன்னெழுத்தில் ஆண்டினையும், 'ஏட்டாட்டிஸ் சுவே' என்னும் இலத்தீன் தொடரோடு ஓர் எண்ணையும் பொறிப்பர். 'தம் வயதின் இத்தனையாவது ஆண்டில்' என்பது அதன் நேர்ப்பொருள். எண் 25 எனில், 24 நிறைந்து 25 நடக்கிறது எனக் கொள்ளுதலே சொல்லமைதிக்கு இயையும். நம் பேச்சுவழக்கில் உள்ள 'நடப்பு வயது' இதற்கு மிகப் பொருந்தும். '25 வயது நிறைந்தவர்' என்று பெயர்த்தால் பிறந்த ஆண்டு ஓராண்டு பிறழும். மேலும், 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. அக்கணக்கில் 1588 பிப்ரவரி என்பது நமக்கு 1589 பிப்ரவரி. இவ்விரண்டையும் கருதாவிடின் தம்பியின் உருவம் அண்ணனுடையதாக ஏட்டில் பதிவாகிவிடக் கூடும்.

சென்னையோடு தொடர்புடைய சான்று ஒன்று. 1785இல் இங்கு வந்து 1795 வரை தங்கிய ஜான் ஸ்மார்ட்டு, ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவையும் கும்பினியைச் சார்ந்த ஆங்கிலேயர் பலரையும் யானைத்தந்தத் தகட்டில் தீட்டினார். தம் பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு, அதனருகே 'ஐ' என்னும் உரோமன் எழுத்து என ஒப்பமிட்டார். அவ்வெழுத்து இந்தியாவைக் குறிக்கும். வரிவடிவம் ஒன்றாதலின் உரோமன் எண் ஒன்றெனவும் அதனைப் படிக்க இடமுண்டு. அங்ஙனம் படித்தால் இழப்பு சிறிதன்று: உருவத்துக்குரியவரைச் சென்னைக் கோட்டைத் தேவாலயப் பதிவேட்டில் தேடுவதா, இலண்டனில் தேடுவதா என்பதை அவ்வோரெழுத்தே உணர்த்துகிறது.

உறவுச்சொற்கள் இன்னும் கடினமானவை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'நேச்சுரல் டாட்டர்' என்பது மணவுறவுக்குப் புறம்பே பிறந்த மகளைக் குறித்தது. கும்பினி அலுவலர் தம் உயில்களில் இந்தியப் பெண்டிர்வழிப் பிறந்த மக்களை இவ்வாறு சுட்டியுள்ளனர். இதனைச் 'சொந்த மகள்' எனப் பெயர்த்தால் அப்பெண்ணின் வரலாறும், பல இடங்களில் பெயர்கூடப் பதிவுபெறாத அவள் தாயின் வரலாறும் மறைந்துபோகும். 'பிரதர்' என்பது அக்காலத்தில் மைத்துனரையும் குறித்தது. தமிழோ அண்ணனா, தம்பியா, மைத்துனனா எனத் தெளிவு வேண்டும் மொழி. வேறு சான்று கிட்டாதவிடத்து, மூலச்சொல்லை ஒலிபெயர்த்து நிறுத்தி, பொருளை அடிக்குறிப்பில் தருவதே தக்கது.