வரைந்தவர் பெயர் படத்தோடு இருக்கட்டும்

பொகவந்தலாவை சென் மேரி தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 1879இல் காலமான இந்தப் புகைப்படக் கலைஞர், இங்கிலாந்தில் வாழ்ந்தபோது தன் படங்களில் 500க்கும் மேற்பட்டவற்றைப் பதிப்புரிமைக்காகப் பதிந்து வைத்தார். பிற்காலத்தில் இலங்கையில் அவர் எடுத்த படங்களில் உழைக்கும் மக்களின் முகங்கள் உண்டு. பெரும்பாலும் பெயர்கள் இல்லை. எடுத்தவருக்கு உரிமை இருந்தது, எடுக்கப்பட்டவர்களுக்கு அடையாளம்கூட மிஞ்சவில்லை.

இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளே லயத்தையும் கொழுந்து மலையையும் வரைந்து, டீவியன்ட்ஆர்ட், இன்ஸ்டாகிராம் போன்ற இணையக் காட்சியகங்களில் போடலாம். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த ஓவியம் வரைந்த கணத்திலிருந்தே பாதுகாக்கப்படுகிறது. ஓவியர் வாழும் காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்தப் பாதுகாப்பு பொதுவாக நீடிக்கும். ஓவியத்தை விற்ற பிறகும் தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

ஆபத்து பெரும்பாலும் நாமே வாசிக்காமல் அழுத்தும் ‘சம்மதம்’ பொத்தானில் இருக்கிறது. பார்க்க விடுவது வேறு, எடுத்து விற்க விடுவது வேறு. விக்கிமீடியா பொதுவகத்தில் உங்கள் ஓவியத்தைச் சேர்த்தால், எவரும் அதை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைக் கொடுத்தே சேர்க்கிறீர்கள். பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் ஓவியம் தேயிலைப் பைக்கற்றில் வந்தாலும் தடுக்க வழியிராது. தெரிந்தே கொடுத்தால் அது நல்ல கொடை. தெரியாமல் கொடுப்பதுதான் இழப்பு.

செயற்கை நுண்ணறிவு இன்னொரு கவலை. 2022 நவம்பரில் டீவியன்ட்ஆர்ட் தன் படமாக்கும் கருவியை வெளியிட்டபோது, தங்கள் படங்களைச் செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஓவியர்கள் தாங்களே குறிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், எல்லாப் படங்களுக்கும் ‘பயிற்சிக்கு அனுமதியில்லை’ என்ற குறியை நிறுவனமே இட்டது. சேர்ந்து கேட்டதால் கிடைத்த மாற்றம் இது. ஆனாலும் வெளியாட்கள் எடுப்பதை அந்தக் குறி தடுத்துவிடாது. அதனால் முழுத் தெளிவுள்ள மூலக்கோப்பை உங்களிடமே வைத்துக்கொண்டு, சிறிய அளவிலான பிரதியைப் பெயரிட்டுப் போடுங்கள்.

திருட்டைக் கண்டால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். படம் அழிக்கப்பட்டால் சாட்சியும் போய்விடும். முதலில் பக்கத்தின் முகவரி, திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். பெரிய தளங்களில் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் உண்டு, அதை உண்மையாக நிரப்புங்கள். தீராவிட்டால், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். வேண்டுமென்றே மீறியவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

யாராவது படம் கேட்டு வந்தால், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் வாங்கி இருவரும் கையொப்பமிடுங்கள். அக்கா ஒருவரின் முகத்தை வரைந்தால், இணையத்தில் போடுவதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.