பாறை உறுமும் படம்

மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஹேங்கிங் ராக் என்னும் எரிமலைப் பாறைக்குன்று. பீட்டர் வியர் இயக்கி 1975-இல் வெளிவந்த 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' படத்தில், 1900-ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று அங்கே உல்லாசப் பயணம் போன பள்ளி மாணவிகள் மூவரும் ஆசிரியை ஒருவரும் காணாமல் போகிறார்கள். பட்டப்பகல், நல்ல வெயில். பேயோ கொலைகாரனோ திரையில் தலைகாட்டுவதில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

காரணம், ஒலி. நிலநடுக்கப் பதிவுகளின் வேகத்தைக் குறைத்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் அடியில் ஓடவிட்டார் வியர். அதன்மேல் ருமேனியக் கலைஞர் கியோர்கே ஸாம்ஃபிரின் குழலிசை தவழ்கிறது. மாணவிகளுக்கு என்ன ஆனதென்று படம் கடைசிவரை சொல்வதில்லை. பாறைக்கு உயிர் இருக்குமோ என்று சந்தேகப்பட வைப்பது அந்த அடியோசைதான். படம்பிடித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கேமராவால் மட்டும் இது முடிந்திருக்காது.

சிட்னிக்காரரான ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) இதற்கு நேர்மாறு, காதைப் பிளக்கும் படம். அதில் வரும் ராட்சத டேங்கர் லாரியின் இரைச்சலோடு திமிங்கிலக் குரல்கள் கலக்கப்பட்டன. ஈட்டி பாய்ந்து தொட்டியிலிருந்து பால் பீறிடும்போது லாரி விலங்காகவே அலறுகிறது. இரும்பின்மீது இரக்கம் பிறக்கிறது. இதன் ஒலித்தொகுப்புக்காக மார்க் மாஞ்சினியும் ஆஸ்திரேலியரான டேவிட் வைட்டும் 2016-இல் ஆஸ்கர் விருது பெற்றனர்.