ஒரு நரம்பு கெட்டால்

நம் சங்க அங்கத்தினர்களுக்குக் கையும் காலுமே முதல். தறியில் இருப்பவருக்கு விரல்கள் மரத்துப் போவதும், நெடுநேரம் களையெடுத்து எழுந்தவருக்குப் பாதம் தூக்க இயலாமல் தொங்குவதும் உண்டு. இதனைப் பக்கவாதம் என்று அஞ்சுவோரும், தானே சரியாகும் என்று விட்டுவிடுவோரும் உளர். பல சமயங்களில் கெட்டிருப்பது ஒரே ஒரு நரம்புதான். ஆனால் வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கையும் காலும் ஒருங்கே தளர்தல் ஆகியவை காணின் அக்கணமே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழியே நடு நரம்பு செல்கிறது. அவ்வழி இறுகினால் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துக் குடையும். கையை உதறினால் சற்றுத் தணியும். முழங்காலின் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்போ, குந்தியே இருப்பதால் நசுங்கும். பாதம் தொங்குவது அதனாலேயே.

சிகிச்சையின் முதற்படி அழுத்தத்தை நீக்குவது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்துச் சிம்பு கட்டலாம். குந்துவதை விடுத்து அவ்வப்போது எழுந்து நடக்கலாம். போதாதெனில் மருத்துவர் ஊசி மருந்து செலுத்துவார். அல்லது சிறு அறுவையால் வழியை விரிப்பார். நீரிழிவு உண்டா என்பதையும் சோதித்தல் நன்று.

நரம்பு நசுங்கியதோடு நின்றிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சீராகும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதமே வளரும். அரிவாள் பட்டு முழுதும் அறுந்த நரம்பை, பாவிழையைப் பிணைப்பதுபோல, மருத்துவர் விரைவில் தைத்துச் சேர்க்க வேண்டும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் நரம்புத் தொடர்பின்றிக் கிடந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை.

தோலில் உணர்வற்ற தேமலும் இருப்பின் அது தொழுநோயாகலாம். நாணவேண்டா, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். மடங்கிப்போன விரல்களுக்கும் வழியுண்டு. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி அவ்விரல்களை இயங்கச் செய்யும் அறுவையை, 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொடங்கி வைத்தார்.

மரத்த கையை அனலில் காட்டலாகாது. சுடுவது தெரியாமல் வெந்துவிடும். மூட்டுகள் இறுகாதபடி நாள்தோறும் மெல்ல அசைத்து வருதல் வேண்டும். ஒரு நாள் கூலி போகிறதே என்று மருத்துவரைக் காணத் தயங்கினால் ஆயுட்காலக் கூலியே போய்விடக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டுகிறோம்.