ஏமாறும் வழிக்கே பூட்டு: யுபிஐ தரும் பாடம்

புது தில்லி: கணக்கில் பணம் வந்து சேர ரகசிய எண் தேவையில்லை, கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான் அது தேவை. இந்த எளிய உண்மையை அறியாமல் சேமிப்பை இழந்தவர்கள் நாடெங்கும் உள்ளனர். எச்சரிக்கை விளம்பரங்களை மட்டும் நம்பியிராமல், 2025 அக்டோபர் 1 முதல் அந்த வழியையே அடைத்தது தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்.

2016-இல் தொடங்கிய யுபிஐயில், பணம் அனுப்புவதுடன் மற்றொருவரிடம் பணம் கோரவும் வசதி இருந்தது. கைமாற்றுக் கடனை நினைவூட்டவும், செலவைப் பங்கிட்டுக் கொள்ளவும் உதவ வேண்டிய அந்த வசதி, மோசடியாளர்களின் தூண்டிலானது. பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் செய்தவரை "வாங்குபவர்" தொலைபேசியில் அழைப்பார். முன்பணம் அனுப்புவதாகக் கூறிப் பணக் கோரிக்கையை அனுப்புவார். ரகசிய எண்ணைப் பதிந்தால் பணம் வந்துவிடும் என்பார். பதிந்த மறுகணம் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் வெளியேறிவிடும்.

முதலில், ஒரு கோரிக்கைக்கு ரூ. 2 ஆயிரம் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஒரு முறையில் இழக்கும் தொகை அதனால் குறைந்தது. வழியோ திறந்தே இருந்தது. 2025 ஜூலையில் வெளியான சுற்றறிக்கைதான் தனிநபர் கோரிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வணிகர்கள் வாடிக்கையாளரிடம் கோரிக்கை அனுப்ப அந்தச் சுற்றறிக்கை தடை விதிக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் மத்திய நிதியமைச்சகம் அளித்த தகவலின்படி, 2022-23-இல் 7.25 லட்சமாக இருந்த யுபிஐ மோசடிகள், 2023-24-இல் 13.42 லட்சமாக உயர்ந்தன. பறிபோன தொகை ரூ. 573 கோடியிலிருந்து ரூ. 1,087 கோடியானது. பணக் கோரிக்கை மோசடி இவற்றில் ஒரு வகை மட்டுமே.

இழப்பு யாருடையது என்பதே இதில் முக்கியமான கேள்வி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் பறிபோனால், வங்கிக்குத் தகவல் தரும் வரையிலான இழப்பு அவரையே சேரும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. ரகசிய எண்ணைப் பதிந்தது அவரது விரலே என்னும்போது, வாதாட இடம் குறைவு. ஆனால், முன்பின் அறியாத எவரும் எவருக்கும் கோரிக்கை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்தது வாடிக்கையாளர் அல்லர், அமைப்பை வடிவமைத்தவர்களே.

வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாகவோ, கைப்பேசியில் பதிவான உறவினர், நண்பர்களுக்கு மட்டும் உரியதாகவோ தொடக்கத்திலேயே அதை வகுத்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் நேர்மையாகப் பயன்படுத்தியோரும் இன்று அதை இழந்திருக்க மாட்டார்கள். பூட்டுப் போட ஒன்பது ஆண்டுகளாயின. அடுத்து வரும் வசதிக்கேனும் கதவு வைக்கும்போதே தாழ்ப்பாளும் வைக்கப்பட வேண்டும்.