ஆட்ட மேசையும் அப்பாவின் கணக்கும்

மேசை என்றால் எழுதுவதற்கும் உண்பதற்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆடுவதற்கென்றே ஒரு மேசை உண்டு என்பதை, நம் கல்லூரி நூலகத்தில் பழைய மரச்சாமான்கள் பற்றிய படநூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் அறிந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டு மாலைப்பொழுதுகள் சீட்டாட்டத்திலும் சதுரங்கத்திலும் கழிந்தன. அதற்காக நாள் முழுவதும் ஆட்டப் பலகை கூடத்தை அடைத்துக் கிடக்கலாமா? தச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். பார்வைக்குச் சாதாரண மேசை. நடுப்பலகையை உருவித் திருப்பிச் செருகினால் சதுரங்கக் கட்டம். அதையும் எடுத்துவிட்டால் உள்ளே பள்ளத்தில், பகடை உருட்டி ஆடும் பேக்கமன் தளம்!

அதன் அழகுக்கும் ஒரு வரலாறு உண்டு. எரிமலைச் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியம், பாம்பேய் என்னும் பழைய ரோமானிய நகரங்களை 1738-லும் 1748-லும் அகழத் தொடங்கினர். 1754-இல் இத்தாலிக்குப் புறப்பட்டு 1758-இல் திரும்பிய கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், அப்பழம்பாணியை இங்கிலாந்தில் பரப்பினார். மேசையின் வளைந்த கால்கள் போய், தூண் போல நேராக நின்று, கீழே செல்லச் செல்ல மெலியும் கால்கள் வந்தன. கட்டடங்களில் அந்த மோகம் நம் சென்னைக்கும் வந்தது. 1802-இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாஜி மண்டபத்தின் தூண்களே சாட்சி.

இதில் நம் பங்கும் சிறிதன்று. சதுரங்கம் இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியே ஐரோப்பா சென்றது. இலங்கையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் விளையும் முதிரை மரம் அந்நாட்டு மேசைகளுக்கு மேற்பூச்சுப் பலகையாயிற்று. அன்று சென்னை மாகாணத்திலிருந்த விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள், ஆங்கிலேயரின் மாதிரிகளைப் பார்த்து மரச்சாமான்கள் செய்து, கருங்காலியிலும் ஈட்டியிலும் தந்தம் பதித்தார்கள். தந்தத்தில் கோடு கீறிக் கருநிற அரக்கை நிரப்புவது அவர்கள் முறை.

பாடியில் தச்சு வேலை செய்யும் என் தந்தையிடம் அப்படத்தைக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். தூணையும் ரோமாபுரியையும் நான் விளக்க, அவர் பார்த்ததோ நடுப்பலகை ஓடும் காடியை!

"இங்க கொஞ்சம் இடம் விட்டிருப்பாம்ப்பா. இறுக்கமா வெச்சா மாட்டிக்கும்."

வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று படித்தவனாயிற்றே! "ஆமாம், வெயிலுக்கு விரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். "மரம் இரும்பாடா? மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதுவும் அகலத்துலதான். நீளத்துல அசையாது."

பிறகு படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. மரத்தின் நார்ச்சுவர்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்கே பருக்கின்றன. இழையின் நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். வெயிலில் ஈரம் வெளியேறுவதால் வரும் சுருக்கம், வெப்பத்தால் வரும் விரிவை விடப் பெரிது.

மேசைக்கு வடிவம் தந்தவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. காடியில் நூலளவு இடம் விட்டவர்களில் பலர் பெயரின்றிப் போனார்கள். அந்த இடைவெளி இல்லையேல், பலகை அன்றே இறுகி ஆட்டமும் நின்றிருக்கும்.

கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார் வேலை' என்று எழுதியவன் நான். அடுத்த விண்ணப்பத்தில் 'தச்சர்' என்றே எழுதுவேன்.