சக்கரம் நின்றால் வண்டி சுற்றும்

சேற்றில் புதைந்த டிராக்டரை முன்னோக்கி எடுக்க முயலும்போது, பக்கவாட்டில் சரியாமல் அது தலை தூக்கிப் பின்புறமாக மல்லாந்து விழுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உழவுப் பருவத்தில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்து மறையும் இவ்விபத்துக்கு, ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று சம்பிரதாயமாகக் காரணம் எழுதிவிடுவது வழக்கமாயினும், நியூட்டனின் மூன்றாம் விதிக்கு அணுவளவும் பிசகாமல் கீழ்ப்படிந்ததைத் தவிர, அந்த யந்திரம் வேறு குற்றம் ஏதும் செய்யவில்லை.

நம் வயல்களில் ஓடும் டிராக்டரின் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது, மிகத் தாழ்ந்த கியரில் பெரிய பின்சக்கரம் ஏறத்தாழ 10 சுற்றே சுற்றுகிறது. வேகம் இப்படி 200-இல் ஒரு பங்காகச் சுருங்குவதால், உராய்வில் போனது போக, திருகுவிசை ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருகிவிடுகிறது. அந்தப் பிரம்மாண்டமான திருகல், சக்கரத்தை முன்னோக்கி உருட்ட முனையும் அதே க்ஷணத்தில், வண்டியின் உடலை அதே வலிமையோடு பின்னோக்கித் திருகுகிறது. சக்கரம் தாராளமாக உருளும் வரையில், முன்புறத்து என்ஜினின் பாரம் வண்டியின் மூக்கை அமுக்கி வைத்திருக்கும். சேறு சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாலோ, கரையேற்றும் உபாயமாகச் சக்கரத்தோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டினாலோ, சுழல வழியற்ற சக்தி முழுவதும் உடலின்மீது திரும்புகிறது.

பழைய ஆட்டுக்கல்லில் உரல் நிற்கக் குழவி சுழன்றது. இன்றைய கிரைண்டரில் குழவி நிற்க உரல் சுழல்கிறது. எது நிற்கிறதோ அதை விடுத்து, மற்றது சுழலும் என்பதே இரண்டுக்கும் பொதுவான தர்மம். நின்ற உரல் நம் சக்கரம் என்றால், சுழலும் குழவி இரண்டு டன் எடையுள்ள டிராக்டர். இவ்வுவமையை இன்னும் சற்று நீட்டினால், ஓட்டுபவர் மாவின் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறார் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் விசித்திரம், மூக்கு உயர உயரத் திருகலின் வேலை சுலபமாவதுதான். வண்டியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு முன்னால் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்த நீளமே அதைக் கீழே அழுத்தும் நெம்புகோல். முன்சக்கரம் எழ எழ அந்நெம்புகோல் குறுகிக்கொண்டே வந்து, மையம் அச்சுக்கு நேர் மேலே வந்ததும் மறைந்தே போகிறது. அதன்பின் கிளட்ச்சை மிதித்தும் பயனில்லை. முக்கால் விநாடியில் மீளாநிலையும், ஒன்றரை விநாடியில் முடிவும் வந்துவிடக்கூடும். “முப்பது வருஷ அநுபவம், சமாளித்துவிடுவேன்” என்பவர், அபாயத்தை உணர்ந்து காலை அசைக்கவே அந்த முக்கால் விநாடி செலவாகிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்.

சரித்திரத்தையும் சொல்லி வைக்கலாம். 1917-இல் ஹென்றி ஃபோர்டு பெருமளவில் தயாரித்த ஃபோர்ட்சன், இப்படி மல்லாந்து விழுவதில் அபகீர்த்தி பெற்றது. கலப்பையின் இழுவையே மூக்கை அமுக்குமாறு ஹாரி ஃபெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு, 1939-இல் ஃபோர்டு டிராக்டரிலேயே வந்தது. அது வயலுக்கான பரிகாரம். சேற்றில் சிக்கிய வண்டிக்கு அன்று.

பாரம் இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைத் தண்டான டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும்; மூன்று புள்ளி இணைப்பின் மேற்புள்ளியான டாப் லிங்க்கில் மாட்டினால், இழுவையும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குச் சாய்க்கும். கரும்புப் பாரம் டிரெய்லர் முழுவதும் பரவாமல் கொக்கியின்மேல் குவிந்தாலும் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சேற்றிலிருந்து மீளவும், லாரியின் சாய்பலகையில் ஏறவும் ரிவர்ஸ் கியரே உத்தமம். அப்போது அதே எதிர்விசை மூக்கைத் தூக்குவதற்குப் பதிலாக அமுக்குகிறது.

செயற்கைக்கோள் வழிகாட்ட, செல்பேசி கட்டளையிட, தானே உழும் டிராக்டரைப் பற்றிய விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைந்த இரும்புக் குழாய்க்கோ விளம்பரமே இல்லை. அக்காப்பு வளைவைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-இலேயே சட்டமாக்கி, கவிழ்ந்து மாள்வதை அரிதான சம்பவமாக்கிவிட்டது. வளைவுள்ள வண்டியில் பெல்ட்டை அவசியம் போடுங்கள், வளைவில்லாததில் போடாதீர்கள். அடுத்த டிராக்டர் வாங்கும்போது குதிரைசக்தியை விசாரிப்பதற்கு முன், அந்த இரும்பு வளைவு உண்டா என்று விசாரியுங்கள்.